இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்? உண்மையையும் கருத்தையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கும் வழி

தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள், சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள், வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் அப்பா அம்மாக்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சேலத்தையும் ஏற்காட்டையும் சுற்றியே இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இது முழுதாகப் பொருந்தும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு முதல் இரண்டு படிகளே தாராளம்.

பெரும்பாலும் இந்தப் பாடம் கரும்பலகையில் நடுக்கோடு போடுவதில்தான் தொடங்கும். இடப்பக்கம் உண்மை, வலப்பக்கம் கருத்து. 'நிரூபிக்கக்கூடியது உண்மை, ஒருவர் மனத்தில் நினைப்பது கருத்து' என்று ஒரு வரையறை. பிள்ளைகள் அதை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். அப்புறம் 'எங்கள் பள்ளிதான் சிறந்த பள்ளி' என்று ஒரு வாக்கியம் கொடுத்தால் கூசாமல் உண்மைப் பக்கத்தில் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் உறுதியாக நம்புவதெல்லாம் உண்மைதான். கருத்து என்றால் ஏதோ பொய், அல்லது அரைகுறை என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் வரையறையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

முதல் படி: கையில் பிடிக்க ஒரு பொருள்

மாம்பழ சீசன் என்றால் வேறெதையும் தேட வேண்டாம். ஒரு மல்கோவாவை மேசைமேல் வைத்து, "இதைப் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல் அப்படியே பலகையில் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

உருண்டையா இருக்கு. காம்புகிட்ட பச்சையா இருக்கு. கனமா இருக்கு. சேலத்து மாம்பழம்தான் பெஸ்ட். மல்கோவாவைவிட இமாம்பசந்துதான் நல்லா இருக்கும். உள்ள வண்டு இருக்கும் டீச்சர்.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். உருண்டை, பச்சை இரண்டும் பார்த்தவுடன் தீர்ந்துவிடும். வண்டு இருக்கிறதா இல்லையா என்று அறுத்துப் பார்த்தால் தெரியும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பே காத்திருக்கும். உண்மையான வேலை 'கனமா இருக்கு' என்ற இடத்தில்தான். ஒரு குட்டிப் பெண்ணிடமும் ஒரு வாட்டசாட்டமான பையனிடமும் பழத்தைக் கொடுங்கள். அவள் கனம் என்பாள், அவன் "இதெல்லாம் ஒரு கனமா" என்பான். காய்கறிக் கடையில் ஒரு தராசை இரவல் வாங்கி வந்து நிறுத்துக் காட்டுங்கள். 420 கிராம் என்று வந்தால் அந்த 420-ஐப் பற்றி இருவருக்கும் சண்டையே இல்லை. 'கனம்' என்பதில் மட்டும் சண்டை தொடரும். "எதைவிடக் கனம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எலுமிச்சம்பழத்தைவிட" என்று எவனாவது சொல்வான். சரி, அதைத் தராசில் சோதிக்கலாம். சண்டைக்கு இடமாக இருந்த ஒரு வாக்கியம், சரிபார்க்கக்கூடிய வாக்கியமாக மாறுவதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள். இந்த ஒன்று நடந்தால் அன்றைய வகுப்பு போதும்.

அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தபின் 'பெஸ்ட்' பற்றிக் கேளுங்கள். ஒருவனுக்குத் தேன், இன்னொருத்திக்குப் புளிப்பு. எந்தத் தராசைக் கொண்டுவந்து இதைத் தீர்ப்பது? வழி இல்லை என்று அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லும்வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

சீசன் இல்லாவிட்டால் ஒரு கொலுசு, ஒரு பிடி ஜவ்வரிசி, மலைப் பக்கப் பள்ளி என்றால் காப்பிக் கொட்டையோ மிளகுக் கொடியோ. எதுவானாலும் தொட்டு, நிறுத்து, எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். படத்தைக் காட்டி நடத்தினால் பாதிப் பயன்கூட வராது.

இரண்டாம் படி: கண்டுபிடிக்கும் வழிகள்

இரண்டு மூன்று பொருள்களோடு பழகியதும், அதுவரை எப்படியெல்லாம் கண்டுபிடித்தோம் என்று பிள்ளைகளிடமே கேட்டு ஒரு சார்ட் எழுதுங்கள். பார்க்கலாம். எண்ணலாம். அளக்கலாம். தெரிந்தவரைக் கேட்கலாம். எழுதி வைத்ததைப் படிக்கலாம். இந்த ஐந்தும் வந்துவிடும். சோதித்துப் பார்க்கலாம் என்று ஆறாவதாக ஒன்றைச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்றும் சுலபம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு என்றால், அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது எண்ணிவிடலாம். கடைசி இரண்டில்தான் கவனம் வேண்டும். 'மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது' என்பதை நாம் யாரும் நேரில் பார்க்கவில்லை. கேட்டோ படித்தோதான் தெரிந்துகொள்கிறோம். அப்போது கூடவே ஒரு கேள்வி: "அவருக்கு எப்படித் தெரியும்?" அணையைப் பற்றி அங்கே வேலை பார்க்கும் பொறியாளர் சொல்வதும், அங்கே ஒருமுறை மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்த பெரியப்பா மகன் சொல்வதும் ஒரே எடை இல்லை. மீன் வறுவல் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமானால் பெரியப்பா மகன்தான் சரியான ஆள்.

சார்ட் எழுதி மாட்டினால் மட்டும் போதாது. நாளுக்கு ஒரு வாக்கியத்தையாவது நிஜமாகவே சரிபார்த்துவிட வேண்டும். வராந்தாவில் எத்தனை தூண், வேப்பமரத்தின் சுற்றளவு எவ்வளவு, அடிபம்பில் எத்தனை அடிக்கு ஒரு குடம் நிறையும், எதுவானாலும் சரி. 'சரிபார்க்கலாம்' என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகும் வகுப்பில் இந்தப் பழக்கம் வேர் பிடிக்காது.

மூன்றாம் படி: தப்பான தகவலை எங்கே வைப்பது?

புதிய ஆசிரியர்கள் பலர் தடுமாறும் இடம் இது. 'ஜவ்வரிசி ஒரு வகை அரிசி' என்று ஒரு வாக்கியம் கொடுங்கள். வெள்ளையாக, மணி மணியாக இருக்கிறது, பெயரிலும் அரிசி இருக்கிறது, பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் குதித்து எழுந்துவிடும்: "இல்லீங்க டீச்சர், அது குச்சிக்கிழங்குல இருந்து வர்றது, எங்க மாமா சேகோ பேக்டரிக்குத்தான் வேலைக்குப் போறாரு." மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, அந்த மாவை உருட்டி வறுத்து, காயவைத்தால் ஜவ்வரிசி. ஆக, முதலில் சொன்ன வாக்கியம் தப்பு.

இப்போது அதை எந்தப் பக்கம் எழுதுவது? தப்பாக இருப்பதால் கருத்து என்று எழுதப் பிள்ளைகள் கை நீளும். சில வழிகாட்டிப் புத்தகங்களே இந்த இடத்தில் குழப்பும். என் வழி இது. பலகையில் இரண்டு கட்டம் வேண்டாம், முதலில் ஒரு கேள்வி, பிறகுதான் கட்டம். 'சரிபார்க்க முடியுமா?' முடியும் என்றால் சரிபார், அப்புறம் சரி அல்லது தப்பு என்று குறி. முடியாது, ஆளுக்கு ஆள் மாறும் என்றால் அது கருத்து. ஜவ்வரிசி வாக்கியம் சரிபார்க்கக்கூடியது, சரிபார்த்தோம், தப்பு என்று தெரிந்தது. 'ஜவ்வரிசிப் பாயசம்தான் பாயசத்திலேயே உசத்தி' என்பது கருத்து, அதற்குச் சரி தப்புக் குறி கிடையாது.

இந்த வரிசை பிடிபட்டுவிட்டால், கருத்து என்றால் பொய் என்ற எண்ணம் தானாகக் கழன்றுவிடும்.

நான்காம் படி: நாளுக்கு நாள் மாறும் உண்மை

நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் வரும். ஒரு வாரத்துக்கு அதை ஒரு பிள்ளை பார்த்து வந்து பலகை ஓரத்தில் எழுதட்டும். அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி என்பது மாறாது. நீர்மட்டம் மாறும். திங்கட்கிழமை எழுதிய எண் வியாழக்கிழமை தப்பாகிவிடுகிறது. அப்படியென்றால் திங்கட்கிழமை எழுதியது பொய்யா? இந்தக் கேள்விக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். தேதியைச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள்.

இதன் கூடவே குளிரையும் நடத்திவிடலாம். 'ஏற்காடு குளிரா இருக்கும்' என்று சேலத்துப் பிள்ளை சொல்லும். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ இருந்து வந்த பிள்ளை சிரிக்கும், அதற்கு அது குளிரே இல்லை. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒரு வெப்பமானியை வைத்தால் இருவருக்கும் ஒரே எண்தான் காட்டும். அந்த எண் உண்மை, குளிர் என்பது அவரவர் உடம்பு சொல்வது. 'ஏற்காடு ஊட்டியைவிட உயரம் குறைவு' என்பது சரிபார்க்கக்கூடியது, சரியும்கூட: ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 'ஏழைகளின் ஊட்டி' என்பது? அப்படி ஒரு பட்டப்பெயர் வழங்குகிறது என்பது உண்மை. அது பொருத்தமான பெயரா என்பது கருத்து. ஏற்காட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது, அவர்களைப் பேச விடுங்கள்.

'நாளைக்கு மழை வரும்' போன்றவற்றை எந்தக் கட்டத்திலும் திணிக்காமல், 'பொறுத்துப் பார்' என்று பலகையில் ஒரு மூலையில் எழுதி வையுங்கள். மறுநாள் வந்து குறி போடலாம்.

ஐந்தாம் படி: கருத்துக்கும் மரியாதை

இதுவரை நடத்தியதில் ஒரு ஆபத்து உண்டு. பிள்ளைகள் "அது உன் கருத்துதானே" என்று ஒருவர் வாயை ஒருவர் அடைக்கத் தொடங்குவார்கள். கேட்க எனக்கு எரிச்சலாக வரும். உடனே அடுத்த பழக்கத்துக்குப் போய்விடுங்கள்: கருத்துச் சொன்னால் 'ஏன்னா' என்று தொடர வேண்டும்.

சேலத்துத் தெருக்கடைகளில் விற்கும் தின்பண்டமான தட்டுவடை செட்டை வைத்துச் செய்தால் உற்சாகமாக இருக்கும். "எங்க தெரு அக்கா போடற செட்டுதான் நல்லா இருக்கும்." ஏன்? "ஏன்னா நல்லா இருக்கும்." இது ஆகாது. "ஏன்னா தட்டுவடை நமத்துப் போகாம மொறுமொறுன்னு இருக்கும், பீட்ரூட்டும் கேரட்டும் நிறைய வைப்பாங்க, சட்னி ரெண்டு வகை." இது ஆகும். காரணத்தில் சொன்னவை பெரும்பாலும் சரிபார்க்கக்கூடியவை. நல்ல கருத்துக்கு அடியில் உண்மைகள் கிடக்கின்றன, காரணமே இல்லாத கருத்தைவிட அது ஒரு படி மேல் என்று இந்த வயதிலேயே புரியவைத்துவிடலாம். 'எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது' என்பதற்கு மட்டும் காரணம் கேட்டுப் பிள்ளையைப் படுத்தாதீர்கள்.

ஆறாம் படி: இரண்டும் கலந்த வாக்கியங்கள்

கடைப் பலகைகளே இதற்குப் பாடப்புத்தகம். வீட்டுப்பாடமாக, வருகிற வழியில் ஒரு பலகையைப் படித்து எழுதி வரச் சொல்லுங்கள். 'சேலத்தின் நம்பர் 1 சுவை, 1978 முதல், சுத்தமான கடலை எண்ணெயில் தயாரித்தது' என்ற மாதிரி ஏதாவது வரும். கத்தரியால் வெட்டுவதுபோல வாக்கியத்தைத் துண்டு போடச் சொல்லுங்கள். 1978 முதல் என்பதைச் சரிபார்க்கலாம். கடலை எண்ணெயா என்பதையும் சரிபார்க்கலாம். 'நம்பர் 1 சுவை'? எண் இருப்பதால் உண்மை என்று ஏமாறுவார்கள். யார் போட்டி வைத்தார்கள், எத்தனை கடை கலந்துகொண்டது என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்கினால் கருத்து என்று சில பயிற்சித் தாள்களில் குறிப்பு கொடுத்திருப்பார்கள். அதை நம்பாதீர்கள். 'சேலம் 1994-இல் மாநகராட்சி ஆனது என்று நினைக்கிறேன்' என்பது சரிபார்க்கக்கூடியதுதான், சொன்னவருக்கு உறுதி இல்லை, அவ்வளவே. அடையாள வார்த்தைகளை வைத்துக் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தால் பரீட்சையில் மதிப்பெண் வரும், கடைத்தெருவில் உதவாது.

ஏழாம் படி: சண்டையும் பழியும்

இந்தப் பாடத்தின் மெய்யான பயன் இடைவேளையில்தான் தெரியும். "டீச்சர், இவன் எப்பப் பார்த்தாலும் என்னை அடிக்கிறான், ரொம்பக் கெட்டவன்." வழக்கமாக நாம் இருவரையும் அதட்டி அனுப்பிவிடுவோம். அதற்குப் பதிலாக, "என்ன நடந்துச்சு கண்ணு? நான் வீடியோ எடுத்திருந்தா அதுல என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று கேளுங்கள். "குழாய்கிட்ட வரிசையில முன்னாடி வந்தான். நான் தள்ளினேன். அவன் முதுகுல அடிச்சான்." 'எப்பப் பார்த்தாலும்' போய்விட்டது, 'கெட்டவன்' போய்விட்டது, 'நான் தள்ளினேன்' புதிதாக வந்து சேர்ந்துவிட்டது. பாதிச் சண்டை அங்கேயே ஆறிவிடும்.

இதைவிடக் கடினமானது கூட்டத்தின் மேல் போடும் பழி. 'அந்தத் தெருப் பசங்க எல்லாம் திருடுவாங்க', 'அவங்க ஆளுங்க அப்படித்தான்'. பிள்ளைகள் இதை வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். 'அது அவன் கருத்து' என்று கட்டத்தில் போட்டுவிட்டுக் கடந்துபோகாதீர்கள். 'எல்லாம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் பார்த்தாயா? எத்தனை பேரைத் தெரியும்? என்ன காணாமல் போனது, எடுத்ததை யார் பார்த்தார்? சரிபார்க்கக்கூடிய ஒரு குற்றச்சாட்டை, ஒன்றையும் சரிபார்க்காமல் சொல்லியிருக்கிறான் என்று தெரியவரும். சொன்ன பிள்ளையைத் திட்ட வேண்டாம். சொல்லப்பட்ட தெருவைச் சேர்ந்த பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும், அதனால் மழுப்பவும் வேண்டாம். இப்படி ஒன்றைச் சரிபார்க்காமல் சொன்னது தப்பு என்று எல்லார் காதிலும் விழும்படி நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாமி விஷயம் வரும்போது வேறு மாதிரி. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் கட்டாயம் வரும். 'அம்மனுக்கு வேண்டிக்கிட்டதாலதான் எங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சு.' பாட்டி வேண்டிக்கொண்டது, காய்ச்சல் விட்டது இரண்டும் நடந்தவை. நடுவில் இருக்கும் 'தாலதான்' பற்றி வகுப்பில் வழக்கு நடத்தாதீர்கள். 'நம்பிக்கை' என்று மூன்றாவதாக ஒரு இடம் ஒதுக்கி, "அது அவங்க வீட்டு நம்பிக்கை" என்று மரியாதையோடு வைத்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: போனில் வரும் செய்தி

ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். மழைக்காலத்தில் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று வாட்ஸ்அப்பில் வருவதைவிட நல்ல பாடம் கிடைக்காது, ஏனென்றால் எல்லாரும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். யார் அறிவித்தது? மாவட்டத்துக்கு என்றால் கலெக்டர் அறிவிக்க வேண்டும். என்ன தேதி போட்டிருக்கிறது? போன வருஷத்துப் படமாக இருக்கலாம். மாவட்டம் முழுதுக்கா, ஒரு தாலுகாவுக்கு மட்டுமா? வேறு எங்கே பார்த்து உறுதி செய்யலாம்? நமக்குப் பிடித்த செய்தியைத்தான் நாம் சரிபார்க்காமல் விடுவோம் என்று இந்த இடத்தில் ஒரு வரி சொல்லலாம், நன்றாகப் பதியும்.

நேரமும் தேர்வும்

இதற்கென்று தனிப் பாடவேளை தேட வேண்டாம். காலையில் பத்து நிமிஷம், அல்லது சூழ்நிலையியல் பாடத்தின் நடுவே. படிகளை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், குறிப்பாக மூன்றாவதை. தேர்வு வைப்பதானால் பிரித்து எழுதுக என்று மட்டும் கேட்காமல், எப்படிச் சரிபார்ப்பாய் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் குறி போட்டவனையும் யோசித்துப் போட்டவனையும் அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

தொடங்குவதற்குச் சில வாக்கியங்கள் தருகிறேன், விடையை நீங்களே பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

மேட்டூர் அணை காவிரியின் குறுக்கே கட்டப்பட்டது. ஏற்காட்டு ஏரியில் படகு ஓட்டுவது ஜாலியாக இருக்கும். கொலுசு வெள்ளியில் செய்தால்தான் அழகு. ஏற்காட்டு மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இந்தக் கொலுசின் எடை 50 கிராம். சேலத்தில் வெயில் தாங்க முடியாது. நேற்று மதியம் சேலத்தில் 38 டிகிரி வெயில். பழைய பஸ் ஸ்டாண்டைவிடப் புது பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அதிகம். நம் வகுப்பில் நல்ல கையெழுத்து யாழினியுடையது. நம் டீச்சர் எப்போதும் சரியாகத்தான் சொல்வார்.

கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.